பட்டா நிலத்தில் கிடைத்த கல் அம்பு முனைகளை விற்கலாமா?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் தேரியை (செம்மணல் மேட்டை) ஒட்டி எங்களுக்கு நாலு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. மழைக்குப் பிறகு மணலில் கூரான சிறு கற்கள் தெரியும். இருபதுக்கு மேல் பொறுக்கி வைத்திருக்கிறேன். பழங்கால அம்பு முனை என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒருவர் ஒன்றுக்கு 2,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். அண்ணன் மகன் சிங்கப்பூருக்குச் சிலவற்றைக் கொண்டுபோகக் கேட்கிறான். விற்கலாமா? பக்கத்துத் தோட்டத்திலும் தேடலாமா?

பதில்: சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிகளில் கிடைக்கும் நுண்கற்கருவிகளை (பழங்கால மனிதர் செதுக்கிய சிறு கல் கருவிகளை) பற்றித் தொல்லியல் ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் 1956-லேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். உங்களிடம் இருப்பவை அந்த வகையாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. அதனால் விற்காதீர்கள், கொடுத்தும் அனுப்பாதீர்கள்.

பட்டா என் பேரில், அதனால் பொருளும் எனக்கே என்று நினைத்துத்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். மண்ணில் மறைந்திருந்த, மதிப்புள்ள எதுவும் இந்தியப் புதையல் சட்டம், 1878-ன்படி புதையல்தான். தங்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் (பிரிவு 4). வெறும் கல்தானே என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் 2,000 ரூபாய்க்குக் கேட்ட செய்தி உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறதே! தெரிவிக்காமல் விட்டால் உங்கள் பங்கு பறிபோகும். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் (பிரிவு 20). நான் தோண்டவில்லை, மேலேதான் கிடந்தது என்று வாதாட இடமுண்டு. அந்த வாதத்தை நம்பி வழக்கைச் சந்திப்பதைவிட ஒரு மனு எழுதிவிடுவது நல்லது.

மனுவில் கிராமம், வட்டம், சர்வே எண், கிடைத்த தேதி, எண்ணிக்கை, தோராய மதிப்பு எல்லாம் இருக்கட்டும். பல நாள்களில் பொறுக்கியிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். ஒரே தேதியைப் போட்டு மழுப்ப வேண்டாம். ஆட்சியர் அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். வட்டாட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் நகல் அனுப்புங்கள். பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்கச் சட்டம் சொல்கிறது. ஆட்சியர் கேட்கும் பிணையம் கொடுத்தால் நீங்களே வைத்திருந்து, கேட்கும்போது காட்டலாம்.

அதுவரை கற்களைக் கழுவாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். ஒரே டப்பாவில் கொட்டி வைத்தால் ஒன்றோடொன்று உரசி விளிம்பு பெயர்ந்துவிடும்; பிறகு மனிதன் செதுக்கியது எது, நேற்று உடைந்தது எது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒவ்வொன்றையும் தனிக் கவரில் போட்டு, எடுத்த இடத்தைச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். இனி ஏதாவது கண்ணில் பட்டால் எடுக்காமல், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். கிடந்த இடம் தெரியாவிட்டால் ஆய்வாளருக்கு அந்தக் கல்லால் பாதிப் பயன்கூட இல்லை.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உரிமையாளர் இல்லாத புதையல் என்று ஆட்சியர் அறிவித்தால், ஒப்பந்தம் ஏதும் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலக்காரருக்குக் கால் பங்கு. உங்கள் நிலத்தில் கூலியாள் கண்டெடுத்திருந்தால் முக்கால் பங்கு அவருக்குத்தான். அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் மூலப்பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும். தங்கத்துக்கு அது பெரிய தொகை. கல்லுக்கு ஒன்றும் தேறாது. சட்டத்தின் இந்தக் குறை திருத்தப்பட வேண்டும் என்பது என் கருத்து.

பக்கத்துத் தோட்டத்தில் அவர் சம்மதமில்லாமல் பொறுக்கினால் திருட்டு, அத்துமீறல் புகார் வரலாம். சம்மதத்தையும் பங்கையும் எழுதி வாங்குங்கள். காப்புக்காட்டுத் தேரிக்குள் போகவே வேண்டாம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தால், சொந்த நிலத்தில் உழவுக்குக்கூட ஓரடி ஆழம்தான் அனுமதி.

நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். உரிமம் இல்லாமல் அதை விற்கும் தொழில் செய்யக்கூடாது. ஒருமுறை விற்றால் தொழிலாகுமா என்று வாதாடலாம். இருபதை ஒவ்வொன்றாக விற்றால் அந்த வாதம் நிற்காது. தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்கு அடியோடு தடை: குறைந்தது ஆறு மாதம், அதிகம் மூன்று ஆண்டு சிறை, கூடவே அபராதம். அண்ணன் மகனுக்குப் படம் மட்டும் அனுப்புங்கள்.

வாட்ஸ்அப்காரருக்கு ‘விற்பதாக இல்லை’ என்று ஒரு வரி பதில் போடுங்கள். அந்த உரையாடலை அழிக்காதீர்கள். நீங்கள் விற்க மறுத்ததற்கு அதுதான் சான்று.