பின்னமும் கால்குலஸும் – ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நாங்கள் டல்லாஸ் அருகே வசிக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். பள்ளியின் வரிசைப்படி அடுத்த ஆண்டு பிரிகால்குலஸ், அதாவது கால்குலஸுக்கு (நுண்கணிதத்துக்கு) முந்தைய பாடம். பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் ஏபி (AB). அவளுடைய தோழிகள் மூவர் இந்தக் கோடையிலேயே பிரிகால்குலஸை ஆறு வாரத்தில் இணையவழியில் முடித்துவிட்டு, பதினொன்றிலேயே கால்குலஸ் பிசியை (BC) எடுக்கப்போகிறார்கள். இரண்டுமே கல்லூரித் தரப் பாடங்கள், பிசி பெரியது. நாங்களும் அப்படியே எடுக்கலாம் என்று நினைக்கிறோம். அவளோ மார்ச்சிங் பேண்டு பயிற்சிக்குப் போக வேண்டும் என்று அழுகிறாள். ஏபியா, பிசியா? எந்தப் பயிற்சி மையம், எந்தக் கால்குலேட்டர் நல்லது? ஏழைப் பிள்ளைகளையே எஸ்கலாந்தே என்ற பள்ளி ஆசிரியர் கால்குலஸில் தேற வைத்தாரே, எல்லா வசதியும் உள்ள நம் பிள்ளைகளுக்கு முடியாதா? இதெல்லாம் நம் கேரளக் கணிதர் மாதவர் அன்றே கண்டது என்று சொல்லி ஊக்கப்படுத்தலாமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் "நாங்களும் எடுக்கலாம்" என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். யார் இந்த நாங்கள்? மே மாதத்தில் ஒரு நாள் கால்குலஸ் தேர்வுக்கு மூன்றேகால் மணி நேரம் தனியாக உட்கார்ந்து, 45 கொள்குறி வினாக்களுக்கும் 6 விரிவான கணக்குகளுக்கும் விடை எழுதப்போவது அவள் ஒருத்திதான். நீங்கள் அப்போது அலுவலகத்தில் இருப்பீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தவிப்பு எனக்குப் புரியாததல்ல. வந்த நாட்டில் பிள்ளைக்கு எந்தக் கதவு எப்போது மூடும் என்று தெரியாமல் நானும் இரவுகளில் விழித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பயத்தை ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் முதுகில் ஏற்றக்கூடாது.

பயிற்சி மையம், கால்குலேட்டர் பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. பள்ளி எந்தக் கருவியைச் சொல்கிறதோ அதையே வாங்குங்கள். மாதவர் விஷயம் உண்மை. பிசி பாடத்தில் வரும் முடிவிலித் தொடர்களில் (முடிவின்றி நீளும் கூட்டல்களில்) சிலவற்றைக் கேரளத்தில் அவர் வழிவந்தவர்கள் நியூட்டனுக்கு வெகுமுன்பே அறிந்திருந்தார்கள். பெருமைப்படுங்கள். ஆனால் அந்தப் பெருமை ஒரு கணக்கைக்கூடப் போட்டுத் தராது.

சென்ற வாரம் பழைய காகிதங்களைக் கழித்துக்கொண்டிருந்தேன். நியூஜெர்சியில் ஒரு சமுதாயக் கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவள் நான். அந்தக் குவியலில் ஒரு மாணவனின் விடைத்தாள் கிடைத்தது. பள்ளியிலேயே கால்குலஸ் தேர்வு எழுதி ஐந்துக்கு நான்கு வாங்கியவன். ஒன்றை ஒரு மாறியால் வகுத்தால் வரும் சார்பின் (1/x) வகைக்கெழுவை, அதாவது அது மாறும் வீதத்தை, சூத்திரம் இல்லாமல், வரையறையிலிருந்து வருவிக்கச் சொல்லியிருந்தேன். சூத்திரம் தெரிந்தவனுக்கு விடை ஒரு விநாடி வேலை. வருவிக்க வேண்டுமானால் நடுவில் இரண்டு பின்னங்களைக் கழித்தாக வேண்டும். அவன் மேலே இருந்த 1-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, கீழே இருந்தவற்றை மட்டும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்திருந்தான். இரண்டு வரி தள்ளி, எங்கிருந்தோ சரியான விடை வந்து உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி அழுத்தமாகக் கட்டம் வேறு.

அவனை அறைக்கு அழைத்து, பாதியிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்தால் எவ்வளவு என்று கேட்டேன். அவன் கை தன்னால் பையிலிருந்த கால்குலேட்டரை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. முகம் சிவந்துவிட்டது. "ஆறாம் வகுப்புக் கணக்கையும் ஏழாம் வகுப்புக் கணக்கையும் எனக்கு ஒரே வருடத்தில் முடித்துவிட்டார்கள், புரொஃபசர்" என்றான். அந்தத் தாளை நான் ஏன் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இப்போதும் போடவில்லை.

கேளுங்கள் க., இதை நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், ஆனாலும் மறுபடி சொல்வேன். கால்குலஸில் விழும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கால்குலஸால் விழுவதில்லை. பின்னத்தில் விழுகிறார்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் குறைக் குறியில் விழுகிறார்கள். ஒரு சார்பு என்றால் என்ன என்று கேட்டால் விழுகிறார்கள். பள்ளி நாட்களுக்குள் கால்குலஸை எட்டிப்பிடிக்கும் அவசரத்தில் நாம் எந்த ஆண்டுகளைச் சுருக்குகிறோம் என்று பாருங்கள். பின்னமும் விகிதமும் கையில் படிய வேண்டிய அதே நடுநிலைப்பள்ளி ஆண்டுகளை! சுவர் எழுப்ப நேரமில்லை என்று கூரையை முதலில் போடுகிற கொத்தனாரை உங்கள் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா?

இது கிழவி ஒருத்தியின் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்கக் கணித ஆசிரியர்களின் தேசிய மன்றமும் மேத்தமேட்டிக்கல் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்காவும் 2012-இல் கூட்டாகவே ஓர் அறிக்கை விட்டன. பன்னிரண்டாம் வகுப்புக்குள் மாணவரைக் கால்குலஸுக்குள் கொண்டுபோய் முடித்துவிடுவது பள்ளிக் கணிதத்தின் இறுதி இலக்காக இருக்கக்கூடாது, கல்லூரியில் எதைப் படிக்க விரும்பினாலும் தாங்கும் அடித்தளத்தைப் போடுவதே இலக்கு என்பது அதன் சாரம். உங்கள் ஊர்ப் பெற்றோர் கூட்டத்தில் அதை யாராவது எடுத்துப் பேசியிருக்கிறார்களா?

நான் கால்குலஸைத் தொட்டது பிளஸ் ஒன்னில், திருவாரூர்ப் பக்கம், தமிழ் வழியில். எங்கள் டீச்சர் எல்லை, அதாவது ஒன்றை நெருங்கிக்கொண்டே போவது, என்ற ஒரே கருத்தில் மூன்று வாரம் நின்றார். வரைபடத்தாளில், எண்ணை அதே எண்ணால் பெருக்கும் இருபடிச் சார்பின் வளைகோட்டை வரையச் சொன்னார். வளைகோட்டில் ஒரு புள்ளி, கிடைத்தூரம் 1. இன்னொரு புள்ளி, கிடைத்தூரம் 2. இரண்டையும் இணைத்தால் வெட்டுக்கோடு, அதன் சாய்வு 3. இரண்டாம் புள்ளியை 1.5-க்கு இழுத்தோம், சாய்வு 2.5. பிறகு 1.1-க்கு, சாய்வு 2.1. அப்புறம் 1.01, சாய்வு 2.01. பென்சில் கூராக இல்லாததால் இரண்டு புள்ளிகளும் தாளில் ஒட்டிக்கொண்டு ஒரே கரும்பொட்டாகிவிட்டன. இனிமேல் வரைய முடியாது டீச்சர் என்றேன். "வரைய முடியாத இடத்திலிருந்துதான் நீ யோசிக்க வேண்டும்" என்றார். கால்குலேட்டர் கிடையாது. தாளின் ஓரத்தில் பெருக்கிப் பெருக்கி 2.001 வரை போனோம். "இது 2 ஆகுமா, ஆகாதா?" என்று கேட்டுவிட்டு மணி அடித்ததும் போய்விட்டார். அன்று இரவு நான் சாப்பிடும்போதும் அதே நினைப்பு. புள்ளிகள் இரண்டும் ஒன்றானால் கோடே இல்லை, பூஜ்யத்தால் வகுக்க முடியாது. ஒன்றாகாவிட்டால் 2 வராது. அப்படியானால் இந்த 2 எங்கே இருக்கிறது?

பின்னாளில் படித்தபோது தெரிந்தது, பெர்க்லி என்ற தத்துவவாதி 1734-இல் நியூட்டனின் வழிவந்தவர்களைக் கிட்டத்தட்ட இதே கேள்வியால்தான் குடைந்தார் என்று. நியூட்டனைப் போலவே கால்குலஸை உருவாக்கிய லைப்னிட்ஸ் தன் வகையிடல் முறையை (வகைக்கெழு காணும் முறையை) அச்சில் வெளியிட்டது 1684-இல். கோஷி என்ற பிரெஞ்சுக் கணிதர் தன் பாடநூலில் எல்லையை அடித்தளமாக்கி கால்குலஸை நிமிர்த்தி வைத்தது 1821-இல். அந்த வேலை அவரோடும் முடியவில்லை. உலகின் கூர்மையான மூளைகள் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் முட்டிமோதிய இடத்தைத்தான் உங்கள் மகள் மூச்சு வாங்காமல் தாண்ட வேண்டும் என்கிறீர்கள். அவள் தாண்டியும் விடுவாள். சூத்திரம் இருக்கிறதே! அந்த 2 எங்கே இருக்கிறது என்று ஓர் இரவு தூக்கம் கெடும் வாய்ப்பு மட்டும் அவளுக்குக் கிடைக்காமல் போய்விடும்.

எஸ்கலாந்தேக்கு வருகிறேன். அவர் பெயரை இப்படி எடுக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பொலிவியாவிலிருந்து வந்த அந்த மனிதர் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் 1974-இல் சேர்ந்தார். 1982-இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் கால்குலஸ் தேர்வில் தேறினார்கள். அவர்களில் 14 பேர் காப்பியடித்தார்கள் என்று தேர்வு நிறுவனம் சந்தேகப்பட்டது. 12 பேர் மறுபடி எழுதி, 12 பேரும் தேறினார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை இது. ஆனால் 1974-க்கும் 1982-க்கும் நடுவில் எட்டு ஆண்டுகள் இருக்கின்றனவே, அவற்றை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? அந்த ஆண்டுகளில் அவர் அடிப்படைக் கணக்கும் அல்ஜீப்ராவும் சொல்லிக்கொடுத்தார், கீழ் வகுப்புகளைச் சீர்படுத்தினார், பிள்ளைகளை அதிகாலையிலும் கோடையிலும் வரவழைத்தார். அவர் தாண்ட வைக்கவில்லை, படி கட்டினார். ஆறு வாரக் குறுக்குவழிக்கு அவரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ பாதியில் கால்குலஸ் வகுப்பே இல்லை. அங்கே படிக்கும் பிள்ளைக்கு ஏபியா பிசியா என்ற கேள்வியே கிடையாது. உங்கள் மகளுக்கு வகுப்பு இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், இரண்டு முழு ஆண்டுகள் இருக்கின்றன. பிறகு எதற்கு இந்த ஓட்டம்?

கேட்டதற்குப் பதில்: பள்ளியின் வரிசையிலேயே போகட்டும். பதினொன்றில் பிரிகால்குலஸ், நிதானமாக. பன்னிரண்டில் ஏபி. அதில் கல்லூரியின் ஒரு பருவத்துக் கணக்கு இருக்கிறது, பிசியில் இரண்டு பருவத்துக்கானது. பிரிகால்குலஸ் முடிந்த பிறகு அவளே ஆசைப்பட்டால் பன்னிரண்டில் நேராகப் பிசிக்குப் போகலாம், பல பள்ளிகளில் அதற்கு இடம் உண்டு. இந்தத் தேர்வு மதிப்பெண்ணுக்குக் கல்லூரியில் கிடைக்கும் கிரெடிட்டை (அந்தப் பாடத்தை முடித்ததாக ஏற்பதை) நம்பி எதையும் தீர்மானிக்காதீர்கள். எம்.ஐ.டி. பிசியில் 5 வாங்கினால் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் தருகிறது. கால்டெக் பல்கலைக்கழகம் எதற்கும் தருவதில்லை.

கோடையில் அவள் பேண்டு பயிற்சிக்குப் போகட்டும். டெக்சாஸின் ஆகஸ்டு வெயிலில் வாத்தியத்தைச் சுமந்து நடக்கத் தயாராக இருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரைபடத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவளுடன் உட்காருங்கள். கால்குலேட்டர் வேண்டாம். 3, 2.5, 2.1, 2.01 என்று அவளே கண்டுபிடிக்கட்டும். புள்ளிகள் ஒட்டிக்கொண்டதும் என் டீச்சர் கேட்டதைக் கேளுங்கள். நீங்கள் விடை சொல்லாதீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.