பிள்ளை பொறந்து அஞ்சு மாசம், இன்னும் "உடம்பு முடியல"னு சொல்ற தங்கச்சி

இலங்கையில மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. தங்கச்சிக்கு ரெண்டாவது பிள்ளை பொறந்து அஞ்சு மாசம், தலைவலி இடுப்புவலி நெஞ்சு படபடப்புனு வாராவாரம் டிஸ்பென்சரிக்கு போறா, பெனடோல் குடுத்து அனுப்புறாங்க, பிள்ளை தூங்குனாலும் இவ தூங்குறதில்ல, பிள்ளைய தூக்க சொன்னா அழுறா, காத்து கருப்புனு மாமியார் நூல் கட்டியும் பார்த்தாச்சு, இப்ப மறுபடி கொழுந்து பறிக்க வேற போறா. இது தன்னால போகுமா, மருந்து எடுத்தா பால் குடுக்கலாமா, வயசான பிறகு உடம்புக்கு ஏதும் வந்துருமானு கேக்குறாங்க.

அக்கா, தன்னால போகும்னு இனி காத்திருக்காதீங்க. பிள்ளை பொறந்து ரெண்டு மூணு நாள்ல வர்ற அழுகை, எரிச்சல் எல்லாம் ரெண்டு வாரத்துக்குள்ள அடங்கிரும், அது நிறைய பேருக்கு வர்றதுதான். அஞ்சு மாசமா போகுதுனா அது வேற. நீங்க சொல்றத பார்த்தா பிரசவத்துக்கு பிறகு வர்ற மனச்சோர்வு மாதிரிதான் தெரியுது, ஆனா நேர்ல பார்க்காம நான் முடிவா சொல்ல முடியாது. வளர்ந்து வர்ற நாடுகள்ல பிள்ளை பெத்த பொம்பளைங்கள்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தருக்கு மனசு சம்பந்தமான நோய், முக்கியமா மனச்சோர்வு வருதுனு உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுது. அதனால உங்க தங்கச்சி சோம்பேறியும் இல்ல, பாசம் இல்லாத தாயும் இல்ல, இத மாமியாருக்கும் தயவுசெஞ்சு சொல்லுங்க.

அவ சொல்ற வலி பொய் இல்ல. மனச்சோர்வு தலைவலியாவும் இடுப்புவலியாவும் படபடப்பாவும்தான் நிறைய பேருக்கு வெளிய வருது, அதே நேரம் உடம்புலயே குறை இருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். அதனால முதல்ல ரத்தம் செக் பண்ணணும். ரத்தசோகை இருக்கானு ஹீமோகுளோபின், அப்புறம் தைரொய்ட். பிள்ளை பெத்த முதல் வருஷத்துல நூத்துக்கு ஒரு அஞ்சு பேருக்கு தைரொய்ட் சுரப்பி குழம்பிரும், முதல்ல படபடப்பும் மெலிவும், பிறகு நாலஞ்சு மாசத்துல சோர்வும் அழுகையும்னு வரும், பார்க்குறவங்களுக்கு அப்படியே மனச்சோர்வு மாதிரியே இருக்கும். கிளினிக்ல இரும்புச்சத்து குளிசை குடுத்திருந்தா அத தேத்தண்ணியோட விழுங்க விடாதீங்க, தேயிலை அந்த சத்த உடம்புல சேர விடாது, ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேணும். காலையில ரொட்டியும் தேத்தண்ணியும் குளிசையும் ஒண்ணாவே உள்ள போறதுதான் நம்ம தோட்டத்து லயத்து வீடுகள்ல வழக்கம், மாசக்கணக்கா குளிசை போட்டும் ரத்தம் ஏறலனா இதயும் பாருங்க.

அடுத்தது மிட்வைப் மிஸ். அவங்ககிட்ட பத்து கேள்வி உள்ள ஒரு படிவம் இருக்கு, எடின்பரோ அளவுகோல்னு பேரு, 1987ல வந்தது, தமிழ்லயும் இருக்கு. ஆனா ஒரே அறை இருக்குற லயத்து காம்பராவுல மாமியார் அடுப்படியில நிக்க, புருஷன் வாசல்ல உக்காந்திருக்க, மிஸ் கேட்டா பத்துக்கும் "அப்படி ஒண்ணும் இல்ல மிஸ்"னுதான் பதில் வரும். அதனால கிளினிக்ல தனியா வச்சு கேக்க சொல்லுங்க, நீங்க கூட போனாலும் வெளிய நில்லுங்க. கடைசி கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கிற நினைப்பு வருதானு கேக்கும், அதுக்கு ஆமானு சொன்னா அன்னைக்கே டொக்டர் பார்க்கணும். சாகணும்னு பேசுறது, பிள்ளைய ஏதும் செஞ்சிருவேனோனு பயப்படுறது, இல்லாத சத்தம் கேக்குது யாரோ வர்றாங்கனு சொல்றது, ரெண்டு மூணு நாள் தூக்கமே இல்லாம புலம்புறது, இதுல எது இருந்தாலும் தனியா விடாம நேரா ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, ராத்திரினாலும் சரி. 1926னு தேசிய மனநல நிறுவனத்தோட போன் நம்பர் இருக்கு, எந்த நேரமும் எடுக்கலாம்.

மருந்து விஷயம். டொக்டர் தேவைனு சொன்னா பால் குடுத்துக்கிட்டே எடுக்கக்கூடிய மருந்து இருக்கு, செர்ட்ரலின் மாதிரி மருந்து பால்ல ரொம்ப கொஞ்சம்தான் கலக்கும். பால் குடுக்குறதையும் பிள்ளை பொறந்து எத்தனை மாசம்ங்கறதையும் சொல்லுங்க. குடிச்ச மறுநாளே குணம் தெரியாது, ரெண்டு மூணு கிழமை ஆகும், இங்கதான் பாதி பேரு "மருந்து புடிக்கல"னு நிப்பாட்டிர்றாங்க. சுகமான பிறகும் ஒரு ஆறு மாசமாவது தொடர சொல்வாங்க, நீங்களா நிப்பாட்டாதீங்க. அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்ல இதுக்கு காசு இல்ல.

பின்னாடி என்ன ஆகும்? சுவீடன்ல 2001ல இருந்து 2014 வரைக்கும் பிள்ளை பெத்தவங்கள வச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி செஞ்சாங்க, 2024ல வெளிவந்துச்சு. கர்ப்ப காலத்துலயோ பிரசவத்துக்கு பிறகோ மனச்சோர்வு வந்தவங்களுக்கு மத்தவங்கள விட இருதய நோய் வர்ற வாய்ப்பு 36% கூட இருந்துச்சு, கூடப் பொறந்த அக்கா தங்கச்சியோட ஒப்பிட்டு பார்த்தாலும் கூடத்தான் இருந்துச்சு. மனச்சோர்வுதான் காரணம்னு இத வச்சு சொல்லிர முடியாது, அவளுக்கு கட்டாயம் வரும்னும் அர்த்தம் இல்ல, தூக்கமில்லாம, ஒழுங்கா சாப்பிடாம, கிளினிக்க விட்டுட்டு வருஷக்கணக்கா ஓடுனா உடம்பும் கெடும்தானே. ஆனா பிரஷர கவனிக்க இது போதுமான காரணம். கர்ப்பத்துல சீனி வருத்தமோ பிரஷரோ இருந்துச்சானு அவ கிளினிக் கொப்பிய எடுத்து பாருங்க, இருந்திருந்தா இன்னும் கவனம் வேணும், சீனி வந்தவங்கள்ல நிறைய பேருக்கு பின்னாடி நிரந்தரமாவே வருது.

வேலைக்கு போறத பத்தி, பேர் விழுந்து நாள் சம்பளம் வராட்டி வீட்ல அடுப்பு எரியாதுனு எனக்கு தெரியும், வேலைய விடச் சொல்லல. பிள்ளைக்கு ஒரு வயசு ஆகுற வரைக்கும் வேலை நேரத்துல பால் குடுக்க நேரம் எடுக்குறது சட்டப்படி அவ உரிமை, கங்காணிகிட்ட கேட்டு வாங்குங்க. ராத்திரி ஒரு தடவை பிள்ளைய புருஷனோ மாமியாரோ பார்த்துக்கிட்டு இவள நாலஞ்சு மணித்தியாலம் ஒரே மூச்சா தூங்க விட்டா அதுவும் மருந்துதான்.

அப்புறம் 35 வயசாகும்போது எம்ஓஎச் ஒபிஸ்ல, அதாவது சுகாதார வைத்திய அதிகாரி ஒபிஸ்ல நடக்குற சுகவனிதையர் கிளினிக்குக்கு கண்டிப்பா அனுப்புங்க, பிரஷர், சீனி, கர்ப்பப்பை வாய், மார்பு எல்லாம் அங்க பார்ப்பாங்க, இந்த பிரசவத்துக்கு பிறகு மனச்சோர்வு இருந்துச்சுனு அங்கயும் அவ வாயாலயே சொல்லட்டும். இன்னொரு பிள்ளை உண்டாகுனா முதல் கிளினிக்லயே மிட்வைப் மிஸ்கிட்ட சொல்லணும், திரும்ப வர்ற வாய்ப்பு இருக்கு.