ஹைபிரிட்டா, முழு மின்சாரமா? திருகோணமலை வாகனக்காரரின் கேள்விகளுக்குப் பதில்

உவர்மலையிலிருந்து: என்ர 2013 டொயோட்டா அக்வா ஹைபிரிட்டில சிவப்பு முக்கோணம் எரியுது. ஸ்கேன் பண்ணினா பி0ஏ80 எண்ட பழுதுக் கோட் காட்டுது. முழுப் பற்றரியும் மாத்த வேணுமா, பழுதான செல்லை மட்டும் மாத்தினாக் காணுமா?

பற்றரிக்குள் உள்ள தொகுதிகளுக்கிடையே வோல்ட் வித்தியாசம் அளவு கடந்துவிட்டது என்று மட்டும்தான் அந்தக் கோட் சொல்லும். காரணத்தை நாம்தான் தேட வேண்டும். அக்வாவில் 7.2 வோல்ட் மொடியூல்கள் (நீங்கள் செல் என்பது இதைத்தான்) 20 தொடராக இருக்கின்றன. மொத்தம் 144 வோல்ட்.

முதலில் மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளைப் பாருங்கள். கடற்காற்று படும் ஊரில் அவற்றில் பச்சைக் களிம்பு பிடிக்கும். தடை கூடி, நல்ல மொடியூலும் பழுதானதுபோலக் காட்டும். கழற்றி வினாகிரியில் ஊறவைத்துத் தேய்த்து, கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். நட்டுகளை இறுக்க டோர்க் ரென்ச் வேண்டும். பிரியஸுக்கு 5.4 நியூட்டன் மீற்றர்தான் அளவு. அக்வாவிலும் அதே பக்குவம். கைப்பலத்தைக் காட்டினால் முனை உடையும்.

அடுத்தது பின்சீட்டுப் பக்கம் உள்ள காற்றுத் துளையும் விசிறியும். நிலாவெளி மணலும் சீட்டுப் பஞ்சும் அடைத்தால் பற்றரி சூடாகிக் கிடக்கும். துளையை மறைத்துப் பையோ துவாயோ போடாதீர்கள்.

இவை இரண்டும் சரியென்றால் மொடியூல்களைத் தனித்தனியாக ஒரே அளவுக்குச் சார்ஜ் செய்து, ஒவ்வொன்றிலும் 55 வாட் ஹெட்லைட் பல்ப்பை இரண்டு நிமிடம் எரியவிட்டு வோல்ட் இறக்கத்தைக் குறித்து வையுங்கள். ஒன்று மட்டும் சடாரென்று விழுந்து, மற்றவை அருகருகே நின்றால் அந்த ஒன்றை மாற்றலாம். மூன்று நான்கு தளர்ந்திருந்தால் செல் மாற்றுவது காசுக்குக் கேடு. மிச்சமும் அதே வயதுதானே, சில மாதத்தில் அடுத்தது விழும்.

செம்மஞ்சள் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தாலும் பற்றரிக்குள் மின் இருந்துகொண்டே இருக்கும். 1000 வோல்ட் றப்பர் கையுறை இல்லாத கராஜில் மூடியைத் திறக்கவே விடாதீர்கள்.

கந்தளாயிலிருந்து: ரெண்டு கிழமை நிப்பாட்டி வச்ச பிரியஸில 'ரெடி' லைற் வருதில்லை. பெரிய பற்றரி போயிட்டுதா?

பெரும்பாலும் இல்லை. ஹைபிரிட்டை எழுப்பும் 12 வோல்ட் சின்னப் பற்றரியை அளந்து பாருங்கள். 12.6 என்றால் நிறைவு, 12க்குக் கீழே என்றால் அதுதான் குற்றவாளி. வேறு காரில் இருந்து ஸ்டார்ட் கொடுக்கும்போது பிளஸ் மைனஸ் மாறிவிட்டால் இன்வேட்டர் (பற்றரி மின்னை மோட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி) வரைக்கும் செலவு போகும்.

கிண்ணியாவிலிருந்து: 2010 பிரியஸ் ஒண்டு பார்த்திருக்கிறன். என்ன கவனிக்கிறது?

எல்லோரும் பற்றரியையே கேட்கிறார்கள். இந்த வயது மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் எனக்குப் பெரிய பயம் இஞ்சின்தான். இ.ஜி.ஆர். கூலர் (இஞ்சினுக்குத் திரும்பிப் போகும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) கரி பிடித்து அடைபடும். பிறகு ஹெட் கஸ்கெட் (இஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போகும். காலையில் குளிர்ந்த இஞ்சினை நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள். முதல் சில வினாடி கட்டைபோல அதிர்ந்தால், அல்லது கூலன்ட் சும்மா குறைந்தால், விலை பேச வேண்டாம். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். நன்றாக இருந்து வாங்கினால் முதல் வேலையாகக் கூலரையும் காற்று உள்ளே போகும் இன்டேக் மனிஃபோல்டையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

சல்லியிலிருந்து: பிரேக் பாட் தேயவே இல்லை, ஆனாப் பின்சில்லு இறுகுது. ஏன்?

தேயாததுதான் காரணம். வேகத்தை மோட்டர் பிடித்து மின்னாக்கிவிடுகிறது. சுமார் 10 கிலோமீற்றர் வேகத்துக்குக் கீழேதான் பாட்டுக்கு முழு வேலை. வேலையில்லாத இரும்பில் உப்புக்காற்று துருவேற்றும். வருடம் ஒருமுறை கலிப்பர் பின்களைக் கழற்றிச் சிலிக்கோன் கிரீஸ் போடுங்கள். பின்சில்லு டிரம் என்றால் திறந்து துடையுங்கள்.

அலஸ் தோட்டத்திலிருந்து: ஹைபிரிட்டை வித்திட்டுப் பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் எடுக்கலாமா?

தினமும் எவ்வளவு ஓடுகிறீர்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. 24 கிலோவாட் மணி லீஃபின் டாஷ்போர்டில் பற்றரி நலத்துக்கு 12 கோடு. முதல் கோடு சுமார் 15 சதவீதம் குறைந்ததும் போகும், பிறகு ஒவ்வொன்றும் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல். 9 கோடு நிற்கும் கார் என்றால் 70 சதவீதமளவில் நிற்கிறது. ஏசியோடு 90 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணியா போய் வரத் தாராளம். ஹபரணை போய்ச் சேரலாம், திரும்பி வர முடியாது. அந்தப் பற்றரியைக் குளிர்விக்க விசிறிகூட இல்லை. நம்மூர் வெயிலில் நிழல் பார்த்து நிறுத்துங்கள், நிரப்பிய நிலையில் நாள்கணக்காக விட்டு வைக்காதீர்கள். வீதியில் விரைவுச் சார்ஜரை நம்புவதானால் அதில் சடேமோ முனை (லீஃபுக்குப் பொருந்தும் விரைவுச் சார்ஜ் முனை) உண்டா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

வீட்டில் சாதாரண பிளக்கில் 10 அம்பியர் இரவு முழுக்க ஓடினால் சொக்கெட் உருகலாம். தனி வயர் 4 சதுர மில்லிமீற்றர், தனி 20 அம்பியர் பிரேக்கர், 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச், ஒழுங்கான எர்த் வேண்டும்.

பில்லையும் கணக்குப் பாருங்கள். 100 கிலோமீற்றருக்கு அக்வா 5 லீற்றர் பெற்றோல் குடிக்கும். லீஃப் சார்ஜ் இழப்போடு 16, 17 யுனிட். மாதம் 1000 கிலோமீற்றர் ஓடினால் வீட்டு மீற்றரில் 160 யுனிட்டுக்கு மேல் கூடும். வீட்டுக் கட்டணத்தில் 180 யுனிட் தாண்டினால் உச்சப் படி, ஆகவே 180ஐத் தாண்டும் யுனிட்டுகளை அந்த விலையிலேயே பெருக்குங்கள். கூரையில் சோலார் இருப்பவருக்குக் கணக்கு வேறு.

மூதூரிலிருந்து: ஹைபிரிட் ஓடினா மின்சாரக் கார் பழகின மாதிரித்தானே?

காலுக்குப் பழக்கம், கணக்குக்கு இல்லை. அக்வாவின் பற்றரி ஒரு கிலோவாட் மணிகூட வராது. அதில் உள்ள மின் முழுக்கப் பெற்றோலில் இருந்து வந்ததே. வீட்டில் குத்திச் சார்ஜ் ஏற்றும் பிளக் இன் ஹைபிரிட்தான் உண்மையான இடைப்படி. பழைய பிரியஸ் பிளக் இன்னில் 4.4 கிலோவாட் மணி: பற்றரி நலமாக இருந்தால் 20 கிலோமீற்றர் பெற்றோல் இல்லாமல் ஓடும். ரவுனுக்குள் வேலை பார்ப்பவருக்கு அது காணும். மூதூரில் இருந்து வந்து போகிற உங்களுக்குப் பாதி வழியில் இஞ்சின் எழும்பிவிடும்.