காத்தாடியும் லைனும்: கேட்டவர்களுக்குப் பதில்

தெற்கே ஒரு துணை மின்நிலையத்தில் பத்தொன்பது காற்று சீசன் பார்த்தவன் நான். காற்றாலைகளை, எங்கள் பேச்சில் காத்தாடிகளை, 11, 33 கேவி (ஆயிரம் வோல்ட்) விநியோக லைன்களில் இணைப்பது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

ஆடி மாதத்தில் ராத்திரியானால் வீட்டில் வோல்டேஜ் 260-க்கு ஏறுகிறது. காத்தாடிதான் காரணமா? (கயத்தாறு விவசாயி)

உங்கள் ஃபீடரிலேயே (சப்ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு வரும் லைன்) காத்தாடி இருந்தால் பெரும்பாலும் அதுதான். சாதாரணமாக சப்ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு வரவர வோல்டேஜ் இறங்கும். கடைக்கோடியில் நிற்கும் காத்தாடி கரண்ட்டைத் திருப்பித் தள்ளினால் அந்த முனையில் ஏறும். பகலில் பம்ப்செட்டுகள் அதை இழுத்துக்கொள்ளும், ராத்திரியில் இழுக்க ஆளில்லை. வோல்டேஜைக் குறைக்க ட்ரான்ஸ்ஃபார்மர் டேப்பை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் படி) மாற்றலாம். ஆனால் காற்று ஓய்ந்த ஐப்பசியில் அதே டேப்பால் லோ வோல்டேஜ் வரும். காத்தாடிகளுக்குத் தனி ஃபீடர் போடுவதே சரி.

காற்று விட்டுவிட்டு வீசுவதைத்தானே நிலைத்தன்மைப் பிரச்சினை என்கிறார்கள்? (பொறியியல் மாணவி)

இல்லை. காற்று மணிக்கணக்கில் மாறுவது வேறு விவகாரம். நான் பயப்படுவது அரை வினாடிக்குள் நடப்பதற்கு. பழைய காத்தாடிகளில் இருப்பது இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். லைனின் வோல்டேஜை நம்பித்தான் அது மின்சாரம் தரும். நான்கு போல் (காந்த முனை) மெஷின் நிமிடத்துக்கு 1500-க்குச் சற்று மேலே, 1515 சுற்றில் ஓடுகிறது என்று வையுங்கள். பக்கத்து லைனில் தென்னை மட்டை விழுந்து வோல்டேஜ் 70 சதவீதமாகிறது. ஜெனரேட்டரின் டார்க் (சுழலை எதிர்த்துப் பிடிக்கும் முறுக்குவிசை), வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பிடிமானம் பாதிக்கும் கீழே, 49 சதவீதம்தான். இறக்கையைக் காற்று அதே பலத்தோடு தள்ள, சுற்று எகிறும். மட்டை விலகிய பிறகும், எகிறிய மெஷின் லைனிலிருந்து ஏராளமாக ரியாக்டிவ் பவரை (வேலை செய்யாமல், காந்தப்புலத்துக்காக லைனுக்கும் மெஷினுக்கும் இடையே போய்வரும் பவர்) உறிஞ்சும். அதனால் வோல்டேஜ் எழவே முடியாது. பத்து மெஷின் சேர்ந்து உறிஞ்சினால் ஃபீடரே படுத்துவிடும்.

என்னுடையது 250 கிலோவாட் பழைய மெஷின். ரியாக்டிவ் பவர் தரும் கெபாசிட்டரைக் கூட்டினால் இந்தப் பிரச்சினை தீருமா? (உடுமலை, உரிமையாளர்)

அன்றாட ரியாக்டிவ் கட்டணம் குறையும். ஆனால் கெபாசிட்டர் தருவதும் வோல்டேஜின் வர்க்கப்படிதான், தேவைப்படும் நேரத்தில் கைவிடும். முதலில் கெபாசிட்டர்களை இணைக்கும் கன்டாக்டர் சுவிட்சுகளைப் பாருங்கள். நான் பார்த்த ஒரு பேனலில் ஆறு ஸ்டெப்பில் இரண்டு தீய்ந்தே கிடந்தன, மீட்டரில் பார்க்கும்வரை உரிமையாளருக்கே தெரியாது. மாறுவேக மெஷின்களில் கன்வர்ட்டர் என்ற மின்னணுக் கருவி இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் 2014-க்குப் பிறகு 66 கேவி, அதற்கு மேல் இணையும் புதிய காற்றாலைகள், வோல்டேஜ் 15 சதவீதமாக விழுந்தாலும் 300 மில்லிசெகண்ட் லைனை விட்டு விலகாமல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் விதித்தது.

சப்ஸ்டேஷனில் பிரேக்கரைத் திறந்தாச்சு. லைனில் ஏறலாமா? (ஒயர்மேன்)

ஏறாதீர்கள் தம்பி! கெபாசிட்டரும் இண்டக்‌ஷன் மெஷினும் சேர்ந்தால், சப்ளை இல்லாமலே அது தானாகக் காந்தமேறி (எக்சைட் ஆகி) லைனை உயிரோடு வைத்திருக்கலாம், சில சமயம் இருக்க வேண்டியதைவிட அதிக வோல்டேஜில். காத்தாடிப் பக்கமும் ஐசொலேட்டர் சுவிட்சைத் திறந்து, லைனில் கரண்ட் இல்லை என்று டெஸ்ட் பண்ணி, இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டிய பிறகு ஏறுங்கள்.

அப்படியானால் காத்தாடியின் பாதுகாப்பு ரிலேயை டைட்டாக வைத்து, சின்னத் தொந்தரவுக்கும் அது ட்ரிப் ஆகி விலகவிட்டால் பாதுகாப்புதானே? (அதே மாணவி)

இல்லை. இங்கிலாந்தில் 2019 ஆகஸ்ட் 9 அன்று நடந்ததைப் பாருங்கள். ஒரு லைனில் இடி விழுந்தது. ஹார்ன்சீ கடல் காற்றாலையில் வோல்டேஜ் கட்டுப்பாடு தடுமாறி 737 மெகாவாட் போனது, ஒரு கேஸ் நிலையமும் விலகியது. விநியோக லைன்களில் தொங்கிக்கொண்டிருந்த சிறு உற்பத்தியாளர்கள் ஏறக்குறைய 500 மெகாவாட், சப்ளை போய்விட்டதாக நினைத்து தாமாகவே ட்ரிப் ஆனார்கள். 50 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்க வேண்டிய ஃபிரீக்வென்சி 48.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. ஃபிரீக்வென்சி வினாடிக்கு 0.125 ஹெர்ட்ஸ் மாறினாலே ட்ரிப் ஆகும்படி பல ரிலேக்களில் வைத்திருந்தார்கள். பிறகு அதை 1 ஹெர்ட்ஸாகத் தளர்த்தினார்கள்.