பேராசிரியரின் மக்கள் பணிக்கு விருது: கேள்விகளும் பதில்களும்

பல்கலைக்கழகங்களில் மக்கள் பணிக்கும், துறை அறிவை மக்களிடம் கொண்டுசெல்லும் விரிவாக்கப் பணிக்கும் தரப்படும் விருதுகளுக்குப் பரிந்துரை எழுதுவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். தேர்வுக் குழுக்களில் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

எங்கள் பேராசிரியர் விரைவில் ஓய்வு பெறுகிறார். பரிந்துரையை எங்கிருந்து தொடங்குவது?

பயோடேட்டாவிலிருந்து வேண்டாம். எத்தனை முகாம், எத்தனை உரை என்ற பட்டியல் எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். அவர் வருவதற்கு முன் அந்த மக்களுக்கு என்ன சிக்கல் இருந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று தொடங்குங்கள்.

உதாரணமாக, கிணற்று நீரைச் சோதிக்க ஊராருக்குக் கற்றுக்கொடுத்தவர் என்று வைத்துக்கொள்வோம். "40 பயிற்சிகள் நடத்தினார்" என்று எழுதினால் குழு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். அந்த ஊர்க்காரர்களே தங்கள் கையெழுத்தில் தேதி, உப்பின் அளவு, நீர்மட்டம் என்று குறித்து வைத்திருக்கும் நோட்டின் ஒரு பக்கத்தை இணைத்துப் பாருங்கள். பேராசிரியர் வருவதை நிறுத்திய பிறகும் பதிவு தொடர்ந்திருந்தால் அதைவிடப் பெரிய சான்று கிடையாது. வேலை அவரோடு நின்றுவிட்டதா, மக்கள் கைக்குப் போனதா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

அவருக்கு ஆய்வுக் கட்டுரைகள் குறைவு. அது தடையாகுமா?

சில இடங்களில் ஆகும், மறைப்பதற்கில்லை. ஆனால் பார்வை மாறி வருகிறது. அறிவைப் பயன்பாட்டுக்குக் கொண்டுசெல்வதும் புலமைதான் என்று அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் போயர் 1990-லேயே வாதிட்டார். பிரிட்டனின் தேசிய ஆய்வு மதிப்பீட்டில், ஆய்வு வெளியுலகில் ஏற்படுத்திய தாக்கத்துக்கு 2014-ல் 20 சதவீதம் ஒதுக்கினார்கள். 2021-ல் அது 25 ஆனது. அங்கேயும் அந்தத் தாக்கம் ஆய்விலிருந்து பிறந்திருக்க வேண்டும். அதனால் அவருடைய துறை அறிவு இல்லாமல் இந்தப் பணி நடந்திருக்காது என்பதைத் தெளிவாகக் காட்டுங்கள். நல்ல மனிதர் என்பதற்கும் இந்த விருதுக்கும் இடையே உள்ள வித்தியாசம் அதுதான்.

ஆதரவுக் கடிதம் யாரிடம் வாங்கலாம்? துணைவேந்தரிடம் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் ஒன்று போதும். பயன்பெற்றவர், கூட வேலை செய்த அமைப்பு, இப்போது வேறிடத்தில் அதே பணியைச் செய்யும் பழைய மாணவர், இந்த மூவரின் கடிதங்கள்தான் எடுபடும். எழுதப் பழகாதவர் என்றால் அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். தயவுசெய்து மெருகேற்றாதீர்கள். ஒரே நடையில் மூன்று கடிதம் வந்தால் உடனே தெரிந்துவிடும்.

பத்திரிகைச் செய்திகளை இணைக்கலாமா?

ஒன்றிரண்டு போதும்.

"எனக்கு விருதெல்லாம் வேண்டாம்" என்கிறார். என்ன செய்வது?

கட்டாயப்படுத்தாதீர்கள். ஆனால் அவரோடு உழைத்த ஊர்க்காரர்களின் பெயரும் பரிந்துரையில் வரும் என்று சொல்லிப் பாருங்கள். பலர் அதற்கு இசைவார்கள். அது பேச்சுக்காகச் சொன்னதாக இருக்கக் கூடாது. பெயர்கள் உண்மையிலேயே இடம்பெற வேண்டும்.

ஓய்வு பெறும்போது கொடுத்தால் போதாதா?

போதாது. மரியாதை செய்தது போல இருக்கும், அவ்வளவுதான். இணைப் பேராசிரியராக இருக்கும்போதே இந்தப் பணி பதவி உயர்வுக் கணக்கில் சேர வேண்டும். அப்போதுதான் துறைக்குப் புதிதாக வருபவர் வாரம் ஒரு நாளை ஊருக்குள் செலவிடப் பயப்பட மாட்டார். உங்கள் துறையில் அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கான ஆவணங்களையும் இப்போதே சேர்க்கத் தொடங்கிவிடுங்கள்.