சீஃப் மவுண்டன் சாலையில் ஒரே நாளில் கனடா போய்வர முடியுமா?

கேள்வி: செப்டம்பர் இரண்டாம் வாரம் மான்டானாவில் செயின்ட் மேரியில் தங்குகிறோம். சீஃப் மவுண்டன் சாலை வழியாகக் கனடாவின் வாட்டர்டன் தேசியப் பூங்காவுக்கு ஒரு நாள் போய்வர எண்ணம். நான் எச்-1பி (வேலை விசா), பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்ப் காலாவதி, ஐ-797 (நீட்டிப்பை அங்கீகரித்த கடிதம்) கையில் இருக்கிறது. அப்பா, அம்மா பி-2 சுற்றுலா விசாவில் வந்திருக்கிறார்கள். முடியுமா?

பதில்: மூன்று பாஸ்போர்ட்டிலும் கனடா விசா இருந்தால் முடியும். அமெரிக்காவில் எச்-1பி இருப்பதால் கனடா விட்டுவிடும் என்று பலர் நம்பிக் கிளம்பி, எல்லையில் திரும்புகிறார்கள். கிரீன் கார்டு உள்ளவருக்குத்தான் அந்தச் சலுகை. விசாவை எல்லையில் வாங்க முடியாது. விண்ணப்பத்துக்குக் கைரேகையும் தேவைப்படும், வாரக்கணக்கில் ஆகும், இப்போதே போடுங்கள்.

திரும்பி வருவதில் உங்கள் காலாவதி ஸ்டாம்ப் தடையாகாது. கனடாவில் மட்டும் 30 நாளுக்குள் இருந்துவிட்டு, காலாவதியாகாத ஐ-94 (அமெரிக்காவில் எந்தத் தேதி வரை தங்கலாம் என்ற பதிவு) உடன் வருபவருக்குப் பழைய விசாவே செல்லும். நிபந்தனை ஒன்று: கனடாவில் இருக்கும்போது புது அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்கக் கூடாது. ஐ-94ஐ அச்செடுத்து, ஐ-797 அசலோடு வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மாவுக்கு இந்தப் பயணத்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று எண்ணி டிக்கெட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய ஐ-94 தேதியே தொடரும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

காகிதம் சரியாக இருந்தும் பலர் கோட்டைவிடுவது நேரத்தில்தான். இந்த எல்லைச்சாவடி மே நடுவிலிருந்து செப்டம்பர் 30 வரைதான் திறந்திருக்கும். லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) முடிந்ததும் வழக்கமாகக் காலை 9 முதல் மாலை 6 வரை மட்டுமே. கிளம்பும் முன் அன்றைய நேரத்தை அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் (சிபிபி) தளத்தில் பார்த்துவிடுங்கள். வாட்டர்டனிலிருந்து நாலரைக்குள் வண்டியை எடுங்கள். தவறினால் கார்ட்ஸ்டன் வழியாகச் சுற்றி கார்வே–பீகன் எல்லைக்குப் போக வேண்டும். அது ஆண்டு முழுதும் உண்டு, ஆனால் இரவில் மூடிவிடும்.

பாப் என்ற சிற்றூரைத் தாண்டி வடக்கே சுமார் 4 மைலில், யு.எஸ். 89 சாலையிலிருந்து இடப்பக்கம் மான்டானா 17 பிரிகிறது. எல்லை வரை 14 மைல்தான், ஆனால் அவசரப்பட வேண்டாம். முதல் பகுதி பிளாக்ஃபீட் பழங்குடியினரின் நிலம். மாடுகள் அவிழ்த்துவிட்டபடி மேயும். வளைவு திரும்பியதும் கன்றோடு தாய்ப்பசு நடுச்சாலையில் நிற்கும், ஹாரனுக்கு அசையாது. வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். கன்று ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் இருந்தால் இரண்டும் ஒன்று சேரும் வரை நகர வேண்டாம். இடப்பக்கம் தனித்து எழும் 9,080 அடி சீஃப் மவுண்டன் பிளாக்ஃபீட் மக்களுக்குப் புனித மலை. பார்க்க நிறுத்துவதானால் அகலமான ஓரத்தில் நிறுத்துங்கள். பெட்ரோலைப் பாப்பிலேயே நிரப்புங்கள், வரைபடத்தைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார் என்றால் கனடாவுக்கு அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். அமெரிக்கப் பக்கத்து கிளேசியர் தேசியப் பூங்காவின் பாஸ் வாட்டர்டனில் செல்லாது. அங்கே தனிக் கட்டணம். கரடிக்கான ஸ்பிரே கொண்டு போகலாம், டப்பாவில் விலங்குகளுக்கானது என்று அச்சிட்டிருக்க வேண்டும். மனிதர் மேல் அடிக்கும் பெப்பர் ஸ்பிரே கனடாவில் தடை. திரும்பும்போது சாப்பாட்டுப் பையில் பச்சைக் கறிவேப்பிலை இருக்கக் கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டியிருக்கும் என்பதால் அமெரிக்கா அனுமதிப்பதில்லை. மற்ற உணவு எதுவானாலும் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்; சொன்னதைப் பறிமுதல் செய்வதோடு விடுவார்கள், மறைத்தால் அபராதம்.