வழக்குப் போடும் முன் உங்கள் சுவரை அளந்து பாருங்கள்

கேள்வி: முடிச்சூர் பக்கம் 2009இல் மனை வாங்கி 2011இல் வீடு கட்டினேன். பஞ்சாயத்து அப்ரூவல் உண்டு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டு எங்களை மூழ்கடித்தார்கள். ஜன்னல் வரை தண்ணீர். 2021லும் 2023லும் வீட்டுக்குள் வந்தது. ஆனால் இப்போது நடப்பது வேறு. பக்கத்து நஞ்சையை ஒரு புரமோட்டர் வாங்கி, சி.எம்.டி.ஏ. அப்ரூவலோடு லேஅவுட் போட்டு, நாலரை அடி மண் கொட்டி உயர்த்தி, சுற்றிலும் காம்பவுண்ட் எழுப்பிவிட்டார். சாதாரண மழைக்கே என் வாசலில் முழங்கால் தண்ணீர். கேட்டால், "எல்லா டிபார்ட்மென்ட் என்.ஓ.சி.யும் இருக்கு, முடிஞ்சதைப் பார்த்துக்குங்க" என்கிறார். முதல்வர் தனிப்பிரிவு, கலெக்டர் என்று 11 மனு கொடுத்தாயிற்று. எல்லாரும் பணம் வாங்கிவிட்டார்கள். 78 வயது அம்மாவை இரண்டு முறை படகில் ஏற்றினேன். ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டு அப்ரூவலை ரத்து செய்து, நஷ்டஈடும் வாங்க முடியுமா?

பதில்: ஒன்பது பக்கம் எழுதியிருந்தீர்கள், மேலே சுருக்கிக் கொடுத்திருக்கிறேன். விட்டுப்போனதில் வழக்குக்கு உதவுவது எதுவும் இல்லை. அம்மாவைப் படகில் ஏற்றியதற்கு வருந்துகிறேன், அதை நீதிபதியும் கேட்டு வருந்துவார், அவ்வளவுதான். யார் யார் பணம் வாங்கினார்கள் என்பதை ஆதாரமில்லாமல் மனுவில் எழுதினால் முதல் நாளே அந்தப் பத்தியை நீக்கச் சொல்வார்கள், மீதிப் பத்திகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

உங்கள் விஷயத்தில் கேள்வி ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டுக்கும் அந்த லேஅவுட்டுக்கும் நடுவே வருவாய்க் கணக்கில் ஒரு வாய்க்கால் இருக்கிறதா? இருந்தால் அது இன்று யார் சுவருக்குள் இருக்கிறது?

நாலரை அடி மண்ணை விதிமீறல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் நிபந்தனை. தாழ்வான நிலத்தில் லேஅவுட் போடுபவர் நீர்வளத் துறையிடம் வெள்ள பாதிப்பு குறித்த தடையின்மைச் சான்று (அவர் சொல்லும் என்.ஓ.சி.) வாங்க வேண்டும். (2021 வரை பொதுப்பணித் துறை கொடுத்தது.) அந்தக் கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அதிகபட்ச வெள்ள மட்டத்துக்கு மேல் நிற்கும்படி மனையை இத்தனை மீட்டர் மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்பது முதல் நிபந்தனைகளில் ஒன்று. "இவ்வளவு உயர்த்திவிட்டார்" என்று நீங்கள் கோர்ட்டில் சொன்னால், "உயர்த்தச் சொல்லித்தானே உத்தரவு" என்று அவர் வக்கீல் அந்தக் கடிதத்தை நீட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு மனையாகப் பார்த்து மட்டம் சொல்லும் இந்த முறையில் நடுவில் மாட்டிக்கொண்ட பழைய வீடு கிண்ணமாகிப் போவதை எந்த அலுவலகமும் கணக்கில் எடுப்பதில்லை. அது திட்டமிடலின் கோளாறு. அதை உங்கள் ஒரு வழக்கால் சரிசெய்ய முடியாது.

ஆனால் அதே கடிதத்தில் கீழே வேறு நிபந்தனைகள் இருக்கும்: புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவு வரைபடத்தில்) உள்ள அகலம் குறையாமல் வாய்க்காலை விட வேண்டும், வாய்க்காலில் மண் கொட்டக்கூடாது, உள்ளே மழைநீர் வடிகால் கட்ட வேண்டும், சுற்றுப்புறத்து நீரோட்டத்தைத் தடுக்கக்கூடாது. உங்களுக்கு வழக்கு என்று ஒன்று இருந்தால் அது இந்த வரிகளில்தான் இருக்கிறது. அந்தக் கடிதத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். லேஅவுட் வரைபடத்துக்கு மனுகூடத் தேவையில்லை. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) இணையதளத்தில் புராஜெக்ட் பெயரைப் போட்டால் வரும். ரெராவிலேயே புகார் கொடுக்கலாமா என்று கேட்கத் தோன்றும். நீங்கள் மனை வாங்கியவர் இல்லை. அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இனி நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒருவர் வந்தார், கிட்டத்தட்ட உங்கள் கதையே. கோபத்தில் இருந்தார், ரிட் மனுதான் (அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கேட்டு ஹைகோர்ட்டில் போடுவது) வேண்டும் என்றார். எதிராளி வாய்க்காலை ஆக்கிரமித்திருந்தது நிஜம். கோர்ட்டும் கேட்டது. "வாய்க்கால் முழுவதையும் அளந்து, யாருடைய ஆக்கிரமிப்பாக இருந்தாலும் அகற்றுக" என்று உத்தரவு வந்தது. அன்று இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். ஆறு வாரம் கழித்து தாசில்தார், சர்வேயர், போலீஸ் எல்லாரும் வந்தார்கள். சிவப்பு பெயின்ட் கோடு புரமோட்டரின் காம்பவுண்டில் ஓர் அடி உள்ளே விழுந்தது. இந்தப் பக்கம் இவர் செப்டிக் டேங்க், மோட்டார் ரூம், மாடிப்படி மூன்றையும் தாண்டிப் போனது. புரமோட்டர் ஜே.சி.பி. வைத்து ஒரே நாளில் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டார். என் கட்சிக்காரருக்கு 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்தது. தன் மனுவில் வாங்கிய உத்தரவையே எதிர்த்து அவர் மேல்முறையீடு செய்ய முடியுமா? என்னிடம் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாயில்லை.

இதில் கோர்ட்டைக் குறை சொல்ல முடியாது. நீர்நிலை என்றால் 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றமும், 2005இல் எல். கிருஷ்ணன் வழக்கில் நம் உயர் நீதிமன்றமும் போட்ட பாதை தெளிவானது: ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும். பட்டா இருக்கிறது, வீட்டு வரி கட்டுகிறேன், ஈ.பி. கனெக்ஷன் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே எடுபடாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இரக்கம் இன்னும் குறைந்துவிட்டது.

ஆகவே முதலில் உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்துச் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியை, படியுங்கள். "வடக்கே வாய்க்கால்" என்றோ "வாய்க்காலுக்குத் தெற்கு" என்றோ இருக்கிறதா? உங்கள் பத்திரத்தில் இல்லாவிட்டால் தாய்ப்பத்திரத்தில் (உங்களுக்கு விற்றவரின் மூலப் பத்திரத்தில்) பாருங்கள். மனை போட்டு விற்பவர்கள் வாய்க்காலைப் பத்திரத்தில் "பொதுவழி" ஆக்கிவிடுவது புதிதில்லை. பிறகு கிராம வரைபடம், புலப்படம், அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்க் கணக்கு). யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புக்குப் பிந்தைய பதிவேட்டை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். அதில் காணாமல்போன வாய்க்கால்கள் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் உயிரோடு இருக்கும், எதிராளி அதைத்தான் தேடி எடுப்பார். இவற்றை வைத்து லைசென்ஸ் உள்ள தனியார் சர்வேயரைக் கொண்டு அளந்து பாருங்கள். அரசு சர்வேயருக்கு இப்போதே மனுப் போட வேண்டாம். விடை தெரியாமல் அந்தக் கேள்வியை நீங்களே அரசாங்கத்திடம் கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டைப் பற்றி இன்னொன்று. 2009இல் வாங்கிய மனை அங்கீகாரம் இல்லாத லேஅவுட் என்று படுகிறது. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து லேஅவுட் அப்ரூவல் ஆகாது. 2017 வரன்முறைத் திட்டத்தில் மனையை முறைப்படுத்தினீர்களா? இல்லையென்றால், எதிர்மனுவின் முதல் பத்தி "மனுதாரரின் வீடே அனுமதியற்றது" என்றுதான் தொடங்கும். அப்ரூவல் இல்லாதவர் அப்ரூவல் உள்ளவர் மேல் வழக்குப் போட்டிருக்கிறார் என்ற சித்திரம் நீதிபதி மனதில் விழுந்துவிட்டால் எடுப்பது கஷ்டம்.

வாய்க்காலே இல்லை, மழைநீர் நிலத்தின் மேல் பரவித்தான் ஓடியது என்றால் உங்கள் நிலை கொஞ்சம் நல்லது. மேட்டு நிலத்தில் விழுகிற மழை இயல்பாகப் பள்ளத்துக்கு ஓடுவதைப் பள்ளத்துக்காரர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. நஞ்சை பள்ளம், உங்கள் மனை மேடு என்றால் உரிமை உங்களுக்கு. சிவில் கோர்ட்டில், இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரும் வக்கீல் கமிஷனர் போட்டு மட்டம் எடுக்கலாம். அங்கேயும் ஒரு கேள்வி வரும்: 2011இல் நீங்கள் மண் கொட்டாமலா கட்டினீர்கள்? உங்கள் மனையும் ஆதியில் நஞ்சையாக இருந்து, மூன்றடி உயர்த்தித்தான் வீடு எழும்பியது என்றால், "இயல்பான மேடு" என்ற வாதம் பாதி போய்விடும்.

நஷ்டஈட்டை மறந்துவிடுங்கள். லேஅவுட் வருவதற்கு முன்பே 2015லும் 2021லும் தண்ணீர் வந்தது என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். புரமோட்டரால்தான் நஷ்டம் என்று நிரூபிக்கும் பாரம் உங்களுடையது. உங்கள் கடிதம் அவருக்குச் சாட்சி. செம்பரம்பாக்கம் பற்றியும் மனுவில் எழுதிவிடாதீர்கள். அந்த உபரிநீர் உங்கள் ஊருக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேருகிறது. உங்களுக்கு வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரித் தண்ணீர். இதில் பிழை விட்டால் உங்கள் ஊர்த் தண்ணீரே உங்களுக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடும்.

என் யோசனை, சமரசம். அதுவும் இப்போதே. லேஅவுட்டில் விற்காத மனைகள் இருக்கும் வரைதான் புரமோட்டருக்கு உங்களைப் பார்த்துப் பயம். மனை பார்க்க வருகிறவர் உங்கள் வாசல் தண்ணீரைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டுவிடுவார். எல்லாம் விற்று, சாலையையும் பூங்கா நிலத்தையும் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் போய்விடுவார். பிறகு நீங்கள் வழக்காட வேண்டியது உங்களைப் போலவே கடன் வாங்கி வீடு கட்டிய ஐம்பது குடும்பங்களோடு.

பணம் கேட்காதீர்கள், வடிகால் கேளுங்கள். அவர் காம்பவுண்டை ஒட்டி, உங்கள் தரைமட்டத்துக்குக் கீழே, அவர் செலவில் மூடிய கால்வாய். லேஅவுட்டின் மழைநீர் வடிகாலோடு இணைப்பு. ஆறு நிரம்பும்போது தண்ணீர் திரும்பி ஏறாமல் கடைசியில் ஒருவழி மூடி. மட்டத்தை உங்கள் இன்ஜினீயர் பார்க்க வேண்டும். சாலைக்கு அடியில் போகும் பகுதிக்கு உள்ளாட்சி சம்மதம் சாலையை ஒப்படைக்கும் முன்பே வாங்கப்பட வேண்டும். இதெல்லாம் பதிவு செய்த பத்திரமாக இருக்கட்டும். வாய்வார்த்தையில் பைப் போட்டுக்கொண்ட ஒருவர், மனையை வாங்கியவர் அதைச் சிமென்ட் வைத்து அடைத்த பிறகு என்னிடம் வந்தார். காட்டுவதற்கு அவரிடம் ஒரு காகிதம்கூட இல்லை.

அந்தப் பத்திரத்தில் ஒரு வார்த்தை விஷயத்தில் ஜாக்கிரதை. "வாய்க்கால் தண்ணீரை மாற்றி விடுவது" என்று எந்த இடத்திலும் வரக்கூடாது. இரண்டு தனியார் சேர்ந்து பொது வாய்க்காலைப் பற்றி ஒப்பந்தம் போட முடியாது. அந்தப் பத்திரமே நாளைக்கு உங்கள் இருவருக்கும் எதிரான சாட்சியாகும். அளந்து பார்த்ததில் உங்கள் சுவர் வாய்க்காலுக்குள் இருந்தால், பேச்சுவார்த்தைக்குப் போகும் முன் நீங்களே இடித்துப் பின்னால் தள்ளிக் கட்டுங்கள். வலிக்கும். ஆனால் செப்டிக் டேங்க்கை நீங்கள் மாற்றினால் சில வாரச் செலவு, அவர்கள் ஜே.சி.பி.யோடு வந்தால் வேறு கணக்கு.

அந்த 11 மனுக்களின் நகலை மட்டும் உடனே அனுப்புங்கள். அதில் எதிலாவது "வாய்க்காலை ஆக்கிரமித்து" என்று எழுதியிருக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும். எழுதியிருந்தால் அளக்கச் சொல்லி ஃபைல் ஏற்கெனவே தாலுகா ஆபீஸில் நகர்ந்துகொண்டிருக்கும், மேலே நான் சொன்ன வரிசைக்கு நமக்கு நேரமிருக்காது.